ஃபிரேமிங்ஹாமை விட்டுக் கிளம்பிய எண்கள்

லண்டனில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்காரர் போன மாசம் வாட்ஸப்பில் தன்னுடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்பினார். "மச்சான், பத்து வருஷத்துல ஹார்ட் அட்டாக் வருமான்னு சொல்ற எக்செல் ஷீட் ஒண்ணு வெச்சிருக்கீங்களாமே. இதைப் போட்டுப் பாத்துச் சொல்லுங்க."

ஷீட் இருப்பது உண்மைதான். 2008-ல் வெளிவந்த ஒரு ஆய்வுக் கட்டுரையின் பின்பக்கத்தில் இருந்த எண்களைப் பார்த்து நானே தட்டியது. வயசு 45, சிகரெட் உண்டு, மேல் பிரஷர் 130, பிரஷர் மாத்திரை இல்லை, சர்க்கரை இல்லை. மொத்தக் கொலஸ்ட்ரால் 5.17, எச்டிஎல் எனப்படும் நல்ல கொலஸ்ட்ரால் 1.03. போட்டேன். 7.2 சதவீதம் என்று வந்தது. "பரவாயில்லை மாப்பிள்ளை, பத்துக்குக் கீழதான் இருக்கு" என்று பதில் போட்டேன். இங்கிலாந்தில் 10 சதவீதம்தான் கோடு. அதைத் தொட்டால் டாக்டர் கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றிப் பேச்செடுப்பார்.

ராத்திரி சும்மா இல்லாமல் என்னுடைய எண்களையும் போட்டேன். எனக்கும் அதே வயசு, அதே பிரஷர். கொலஸ்ட்ரால் 200, எச்டிஎல் 40. சிகரெட் பழக்கம் கிடையாது. வந்தது 7.5.

ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடிக்கிறவருக்கு 7.2, பிடிக்காத எனக்கு 7.5. எங்கேயோ இடிக்குதே?

விஷயம் இதுதான். நம்ம ஊர் லேப்பில் கொலஸ்ட்ராலை மில்லிகிராம்/டெசிலிட்டரில் கொடுப்பார்கள். பிரிட்டனில் மில்லிமோல்/லிட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வர 38.67-ஆல் பெருக்க வேண்டும். அவருடைய 5.17-ம் என்னுடைய 200-ம் ஒரே அளவு. சரியான அலகில் போட்டால் அவருக்கு 14.0 சதவீதம். அதாவது பாதியாகச் சொல்லியிருக்கிறேன், அதுவும் 10 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம். அவசரமாகப் போன் போட்டுத் திருத்தினேன். அவர் சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மென்பொருள்காரனாக என்னை உறுத்தியது வேறு. ஷீட் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. கொலஸ்ட்ரால் 5 என்று போட்டால் கணக்கு வெடித்து 0 சதவீதமோ 100 சதவீதமோ வந்திருந்தால் அந்த நொடியே கண்டுபிடித்திருப்பேன். ஆனால் இந்தச் சூத்திரத்தில் மொத்தக் கொலஸ்ட்ராலின் மடக்கை கூட்டலிலும் எச்டிஎல்லின் மடக்கை கழித்தலிலும் வருகிறது. இரண்டையும் ஒரே மாதிரி தப்பான அலகில் கொடுத்தால் பெரும்பகுதி தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிச்சம் நிற்பது கிட்டத்தட்ட 0.70 குறைவு. சிகரெட் பிடித்தால் அதே கூட்டுத்தொகையில் சேர்வது 0.65. ஆக, என்னுடைய அலகுப் பிழை அவருடைய சிகரெட்டை ஒரே தட்டில் அணைத்துவிட்டது!

ஒரு கணிப்பு மாதிரியை, அதை உருவாக்கிய கணினிக்கும் மென்பொருளுக்கும் வெளியே எடுத்துவந்து பயன்படுத்துவது ஒன்றும் புது வேலை இல்லை. இதே இதயநோய்க் கணக்கில் அதற்கு அறுபது வருஷத்துக் கதை இருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் தோண்டியதில் கிடைத்தவைதான் கீழே.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் ஃபிரேமிங்ஹாம். 1945 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளை ரத்தக்கசிவில் இறந்தார். வருஷக்கணக்காக அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது, கூட இருந்த டாக்டர்களுக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்றைய மருத்துவ அறிவு அவ்வளவுதான். 1948-ல் இதயநோய் ஆராய்ச்சிக்கான சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு தொடங்கியது. அந்த ஊர்க்காரர்கள் 5,209 பேரைச் சேர்த்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பரிசோதித்து, யாருக்கு எப்போது என்ன வருகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். இன்றைக்குச் சாதாரணமாகச் சொல்கிறோமே, 'ரிஸ்க் ஃபேக்டர்' என்று, அந்த வழக்கு பரவியதே இந்த ஆய்விலிருந்து 1961-ல் வந்த ஒரு கட்டுரைக்கு அப்புறம்தான்.

தரவு சேர்ந்தது. அதை வைத்து என்ன செய்வது என்பதுதான் சிக்கல். அந்தக் காலத்து வழக்கம் அட்டவணை போடுவது. கொலஸ்ட்ரால் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கட்டம், பிரஷருக்கு மூன்று கட்டம், ஒன்பது பெட்டி ஆச்சு. ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று எண்ணலாம். பத்துக் காரணிகளை இப்படி எடுத்தால்? மூன்றின் பத்தாம் அடுக்கு, 59,049 பெட்டிகள். இருப்பதோ ஐயாயிரத்துச் சொச்சம் பேர். முக்கால்வாசிக்கும் மேலே பெட்டிகள் காலியாகத்தான் கிடக்கும்.

இங்கேதான் ஜெரோம் கார்ன்ஃபீல்டு வருகிறார். எனக்குப் பிடித்த ஆள். படித்தது வரலாற்றில் இளங்கலை. புள்ளியியலில் பட்டம் கிடையாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, வேலையிலேயே கற்றுக்கொண்டு, பிறகு தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வந்தவர். பின்னாளில் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்துக்கே தலைவர் ஆனார். அவர் 1962-ல் ஒரு யோசனை சொன்னார். பெட்டி பெட்டியாக எண்ண வேண்டாம். கொலஸ்ட்ராலையும் பிரஷரையும் ஆளுக்கொரு எண்ணால் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை 'எஸ்' வடிவ வளைகோடு ஒன்றில் போட்டால் நோய் வரும் வாய்ப்பு கிடைத்துவிடும். அந்தப் பெருக்கும் எண்களைத் தரவிலிருந்து கண்டுபிடித்தால் போதும்.

1967-ல் ட்ரூயெட், கார்ன்ஃபீல்டு, கானல் மூவரும் இதையே ஏழு காரணிகளுக்கு நீட்டினார்கள். வயசு, கொலஸ்ட்ரால், பிரஷர், உடல் எடை, ஹீமோகுளோபின், சிகரெட், இசிஜி. 2,187 ஆண்கள், 2,669 பெண்கள், பன்னிரண்டு வருஷத் தொடர் கண்காணிப்பு. அத்தனை ஆளும் அத்தனை வருஷமும் கடைசியில் ஏழு பெருக்கெண்ணாகவும் ஒரு மாறிலியாகவும் சுருங்கியது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை.

இன்றைக்கு 'மாடல்' என்றால் ஜிபி கணக்கில் கோப்பு, அதை ஓட்ட ஒரு சர்வர் என்று நினைக்கிறோம். அவர்களுடைய மாடல் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடக்கூடியது. கண்டுபிடிக்க மட்டும்தான் கணினி வேண்டும், பயன்படுத்த வேண்டாம். சொல்லப்போனால், அந்தக் காலத்து டாக்டரின் மேஜையில் கணினியும் கிடையாது. அதனால் மாடலை வெளியே எடுத்துப்போகிற வழியை யோசிப்பது அவர்களுக்குக் கூடுதல் வேலை இல்லை, அதுவேதான் வேலை.

1973-ல் அமெரிக்க இதய சங்கம் ஒரு கையேடு போட்டது. உள்ளே பக்கம் பக்கமாக எண்கள். ஆணா பெண்ணா, வயசு என்ன, சிகரெட் உண்டா என்று பார்த்துச் சரியான பக்கத்தைத் திருப்பினால், கொலஸ்ட்ராலும் பிரஷரும் சந்திக்கிற கட்டத்தில் விடை. பள்ளிக்கூடத்தில் லாக் டேபிள் பார்த்தோமே, அதே மாதிரி. கணக்கை எல்லாம் முன்கூட்டியே போட்டு அச்சடித்துவிட்டார்கள். 1991-ல் வந்த புது வடிவத்தில் அதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு காரணிக்கும் முழு எண்ணில் மதிப்பெண், கூட்டினால் போதும். 1998-ல் இன்னொரு வடிவம். ஒரே பக்கம், பேனா இருந்தால் போதும்.

மதிப்பெண் போடுகிற முறையை 2004-ல் அந்தக் குழுவே விளக்கமாக எழுதியது. வயசு ஐந்து வருஷம் கூடினால் கூட்டுத்தொகையில் எவ்வளவு ஏறுமோ, அதை ஒரு 'மதிப்பெண்' என்று வைத்துக்கொள்வது. மற்ற காரணிகள் ஒவ்வொன்றும் அதைப்போல எத்தனை மடங்கு என்று பார்த்துப் பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றிவிடுவது. அழகான தந்திரம். ஆனால் முழு எண்ணாக்கும்போது கொஞ்சம் உதிரும். 2008 மாடலில் ஆண்களுக்குச் சிகரெட்டின் பெருக்கெண் 0.65451, சர்க்கரை நோயுடையது 0.57367. சிகரெட் சுமார் 14 சதவீதம் கூட. அட்டைக்கு வரும்போது சிகரெட்டுக்கு 4, சர்க்கரைக்கு 3. அதாவது 33 சதவீதம் கூட. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு இரண்டு நிமிஷத்தில் விளக்கிச் சொல்ல முடிகிறதே, அதற்குக் கொடுக்கிற விலை இது. என்னைக் கேட்டால் நியாயமான விலைதான். முழு விவரமும் கட்டுரையில் இருக்கிறது, அட்டையில் சுருக்கம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. இவ்வளவு நேர்மையாக 'எக்ஸ்போர்ட்' செய்த குழுவை நான் என் தொழிலிலேயே அதிகம் பார்த்ததில்லை.

சரி, என் ஷீட்டுக்கு வருவோம். 2008 கட்டுரை 8,491 பேரை வைத்துச் செய்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, கால் ரத்தக்குழாய் அடைப்பு எல்லாம் சேர்த்து, பத்து வருஷத்தில் ஏதாவது ஒன்று வருவதற்கான வாய்ப்பைச் சொல்லும். ஆண்களுக்கான செய்முறை இது. வயசின் மடக்கையை 3.06117-ஆல் பெருக்கு. மொத்தக் கொலஸ்ட்ராலின் மடக்கையை 1.12370-ஆல். எச்டிஎல்லின் மடக்கையை 0.93263-ஆல் பெருக்கிக் கழி. மாத்திரை சாப்பிடாதவர் என்றால் பிரஷரின் மடக்கையை 1.93303-ஆல், சாப்பிடுகிறவர் என்றால் 1.99881-ஆல். சிகரெட்டும் சர்க்கரையும் இருந்தால் மேலே சொன்ன எண்களைச் சேர். வந்த மொத்தத்திலிருந்து 23.9802-ஐக் கழி. அதை 'ஈ' அடுக்கில் போடு. 0.88936-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்து. ஒன்றிலிருந்து கழி. முடிந்தது.

இதில் கடைசியில் வருகிற இரண்டு எண்கள், 23.9802-ம் 0.88936-ம், முக்கியமானவை. முதலாவது ஃபிரேமிங்ஹாம் ஆண்களின் சராசரிக் கூட்டுத்தொகை. இரண்டாவது, அந்தச் சராசரி ஆண் பத்து வருஷம் எந்த நோயும் வராமல் கடக்கிற வாய்ப்பு, சுமார் 89 சதவீதம். மற்ற பெருக்கெண்கள் எல்லாம் 'சராசரியைவிட நீ எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே' என்று மட்டும்தான் சொல்லும். சராசரி எங்கே இருக்கிறது என்று இந்த இரண்டும்தான் சொல்லும். இவை இல்லாவிட்டால் பத்துப் பேரை வரிசைப்படுத்தலாம், ஆனால் ஒருத்தருக்கும் சதவீதம் சொல்ல முடியாது. பெருக்கெண்களை மட்டும் அச்சடித்துவிட்டு இந்தக் கடைசி எண்ணை விட்டுவிட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். 2015-ல் வந்த 'ட்ரைபாட்' என்ற வழிகாட்டு நெறி, கணிப்பு மாடல் வெளியிடுகிறவர்கள் மாறிலியையோ அடிப்படை வாய்ப்பையோ சேர்த்தே வெளியிட வேண்டும் என்று தனியாக எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்னக் குழி, 'மடக்கை' என்ற சொல்லிலேயே இருக்கிறது. எக்செல்லில் 'லாக்' என்று போட்டால் பத்தடிமான மடக்கை. பெரும்பாலான நிரல் மொழிகளில் 'லாக்' என்றால் இயல் மடக்கை. எக்செல்லில் அதற்கு 'எல்என்' போட வேண்டும். நான் முதல் தடவை இதிலும் விழுந்தேன். ஆனால் அப்போது விடை 0.0 என்று வந்தது. பத்து வருஷத்துக்கு ஒன்றுமே ஆகாத சிரஞ்சீவி! உடனே புரிந்துவிட்டது. சத்தம் போடுகிற தப்பு நல்ல தப்பு. அலகுத் தப்பு மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து.

இதெல்லாம் எண்களைச் சரியாகப் பெயர்த்து எடுப்பது பற்றியது. ஒரு எண்கூடப் பிசகாமல் எடுத்துவந்தாலும் தப்பாகப் போக வாய்ப்பு உண்டு. ஃபிரேமிங்ஹாம் அட்டை உலகம் சுற்றக் கிளம்பியதும் அதுதான் நடந்தது.

அட்டை அவ்வளவு எளிதாக இருந்ததால் எல்லா நாட்டு டாக்டர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதன் உள்ளே உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு ஊர். பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழ்ந்த, நடுத்தர வர்க்க அமெரிக்க ஊர், அதுவும் இதயநோய் உச்சத்தில் இருந்த காலத்தில். 2003-ல் பிரிட்டிஷ் ஆண்கள் 6,643 பேரின் தரவை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மாரடைப்பு போன்ற இதயநோய் பத்து வருஷத்தில் 16.0 சதவீதம் பேருக்கு வரும் என்றது ஃபிரேமிங்ஹாம் கணக்கு. உண்மையில் வந்தது 10.2 சதவீதம் பேருக்கு. சூத்திரத்தில் தப்பில்லை, கணக்குப் போட்டதிலும் தப்பில்லை. ஆள்தான் வேறு.

இதற்கு ஒரு மருந்தை ஃபிரேமிங்ஹாம் குழுவே 2001-ல் சொல்லியிருந்தது. அமெரிக்காவிலேயே வேறு வேறு இனத்தவர்களிடம் தங்கள் கணக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். வெள்ளையரிடமும் கறுப்பரிடமும் நன்றாகவே பொருந்தியது. ஜப்பானிய அமெரிக்க ஆண்கள், ஹிஸ்பானிக் ஆண்கள், பூர்வகுடிப் பெண்கள் ஆகியோரிடம் கூடுதலாகக் கணித்தது. ஆனால் யாருக்கு அதிக ஆபத்து, யாருக்குக் குறைவு என்ற வரிசை மோசமாக இல்லை. அதனால் பெருக்கெண்களை அப்படியே வைத்துக்கொண்டு, சராசரியையும் அடிப்படை வாய்ப்பையும் மட்டும் அந்தந்த மக்களின் எண்களாக மாற்றிப்போட்டார்கள். பொருந்தியது. என் ஷீட்டின் மொழியில் சொன்னால், நீளமான வரிசை ஊர் விட்டு ஊர் வரும், கடைசி இரண்டு செல்கள் மட்டும் வராது. உதாரணத்துக்கு, 0.88936 இருக்கும் செல்லில் 0.82 என்று மாற்றினால், என்னுடைய 7.5 சதவீதம் 12.4 ஆகிவிடுகிறது. நான் அதே ஆள், அதே ரத்தம், அதே சூத்திரம். (0.82 நான் சும்மா எடுத்த எண். இந்தியாவின் எண் என்று யாரும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம்.)

நமக்கு இதில் என்ன நடந்தது? தெற்காசியர்களுக்கு இதயநோய் அதிகம், சீக்கிரமும் வருகிறது என்று பிரிட்டனில் ரொம்ப நாளாகவே தெரியும். பொதுவாகக் கூட்டிச் சொல்லும் ஃபிரேமிங்ஹாம், அவர்களுக்கு மட்டும் குறைத்துச் சொல்லியது. 2008-ல் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு கொடுத்த தீர்வு: தெற்காசிய ஆண் என்றால் வந்த விடையை 1.4-ஆல் பெருக்கிக்கொள். பஞ்சாபிக்காரருக்கும் சில்ஹெட்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் ஒரே 1.4. நம்ம ஆபீஸில் 'தற்காலிகமா ஒரு ஹேக் போட்டிருக்கேன்' என்போமே, அதேதான். கேலி செய்யவில்லை. அன்றைக்குக் கையில் இருந்தது அவ்வளவுதான், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது மேல்.

அதற்கு முந்தைய வருஷம் உலக சுகாதார நிறுவனம் பகுதி பகுதியாக வண்ண அட்டைகள் வெளியிட்டிருந்தது. அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு அட்டைகள் போட்டிருந்தது. ஒன்று கொலஸ்ட்ரால் எண்ணோடு, இன்னொன்று கொலஸ்ட்ரால் இல்லாமலே. லேப் வசதி இல்லாத கிராமத்துச் சுகாதார நிலையத்திலும் பிரஷர் கருவி இருக்கும் என்று யோசித்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. மாடலை வெளியே கொண்டுபோவது என்றால், போய்ச் சேருகிற இடத்தில் எந்த உள்ளீடு கிடைக்கும் என்று பார்ப்பதும் சேர்த்திதான்.

பிரிட்டன் கடைசியில் சொந்தமாகவே ஒன்று செய்துகொண்டது. ஜூலியா ஹிப்பிஸ்லி-காக்ஸ் தலைமையில் நாட்டிங்ஹாமில் உருவான 'கியூரிஸ்க்'. 2008-ல் வந்த அதன் இரண்டாம் வடிவம், டாக்டர்களின் கணினிப் பதிவுகளில் இருந்த சுமார் 23 லட்சம் பேரின் தரவில் கட்டியது. இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனி எண்கள். வசிக்கும் பகுதியின் வறுமை நிலைக்கும் ஒரு எண் உண்டு. 1.4-க்கு வேலை போச்சு.

ஆனால் இது தபால் அட்டையில் அடங்காது. காரணிகள் அதிகம், வயசோடு பின்னிப் பிணைந்த உறுப்புகள் வேறு. பேனாவால் முடியாது, மென்பொருள்தான் போட வேண்டும். டாக்டர்கள் பயன்படுத்தும் மென்பொருள்களோ பல நிறுவனங்களுடையவை. அதனால் மாடலை உருவாக்கியவர்கள் அதை சி மொழியில் எழுதித் திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். அந்த நிரலின் தலைப்பில் இருக்கும் அறிவிப்பைப் படித்தபோது என் தோளில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. இதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் பெருக்கெண்ணைத் தெரியாமல் மாற்றிவிடலாம், உள்ளீட்டைத் தப்பாகக் கொடுக்கலாம், மோசமாக நிரல் எழுதலாம், அதையெல்லாம் எங்களால் தடுக்க முடியாது என்கிற பொருளில் எழுதியிருக்கிறார்கள். அலகைத் தப்பாகப் போட்ட ஆளுக்கென்றே எழுதிய மாதிரி.

பயந்தது நடந்தது. 2016 மே மாதம், பிரிட்டனின் மருந்து, மருத்துவக் கருவிகள் ஒழுங்குமுறை அமைப்பு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு பெரிய மென்பொருளுக்குள் பதித்திருந்த கியூரிஸ்க் கணிப்பான், சில நோயாளிகளுக்குத் தப்பான விடை கொடுத்திருக்கலாம். கோளாறு நோயாளியின் பதிவில் இருக்கும் மருத்துவக் குறியீடுகளை மாடலின் உள்ளீடுகளோடு பொருத்துகிற இடத்தில். டாக்டர் பதிந்தது ஒன்று, கணிப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது வேறொன்று. மாத்திரை தேவைப்பட்டவர்களுக்கு வேண்டாம் என்றும், தேவைப்படாதவர்களுக்கு வேண்டும் என்றும் போயிருக்கலாம். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்களைத் தேடிப்பிடித்து மறுபடி கணக்குப் போட வேண்டியதாயிற்று. இங்கேயும் திரையில் சிவப்பு எழுத்தில் எந்த எர்ரரும் வந்திருக்காது. வந்தது ஒரு நம்பத்தகுந்த சதவீதம்.

நம்ம தொழிலில் இதற்குத் தீர்வு தேடவில்லையா என்றால், தேடினார்கள். 1990-களின் கடைசியில் 'பிஎம்எம்எல்' என்று எக்ஸ்எம்எல் அடிப்படையில் ஒரு பொது வடிவம் வந்தது. ஒரு மென்பொருளில் கட்டிய மாடலை இன்னொன்றில் திறந்து ஓட்டுவதற்கு. வங்கி, காப்பீடு போன்ற இடங்களில் ஓடியது. எழுத நீளம், படிக்கக் கடுப்பு. ஆனால் அதில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் எந்த எல்லைக்குள் இருந்தால் செல்லும், மீறினால் என்ன செய்வது என்று மாடலுக்குள்ளேயே எழுதிவைக்கலாம். கொலஸ்ட்ரால் 5 என்று வந்தால் 'செல்லாது' என்று திருப்பி அனுப்பியிருக்கும். 2017-ல் ஃபேஸ்புக்கும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டுவந்த 'ஓன்னெக்ஸ்' இன்றைய நரம்பு வலைப்பின்னல் மாடல்களுக்கானது. வேகமானது, எங்கும் ஓடும். ஆனால் அதற்கு உள்ளீடு என்பது இத்தனை எண்கள் கொண்ட ஒரு வரிசை, அவ்வளவுதான். அதில் மூன்றாவது எண் மில்லிகிராமா மில்லிமோலா என்பது கோப்புக்குத் தெரியாது, எழுதியவர் தலையில்தான் இருக்கும். அவர் வேலை மாறிப் போய்விட்டால் அதுவும் போச்சு. பைத்தானில் 'பிக்கிள்' செய்து வைக்கிற கோப்போ, நூலகத்தின் அடுத்த பதிப்பில் திறக்குமா என்பதே சந்தேகம்.

1973 கையேட்டில் இந்தப் பிரச்சினை வந்திருக்கவே முடியாது என்பதை நினைத்துப் பார்த்தேன். அட்டவணையின் ஓரத்தில் கொலஸ்ட்ராலுக்கு மூன்று இலக்க எண்கள் வரிசையாக நிற்கும். 5.17-ஐ எடுத்துக்கொண்டு போகிறவர் அந்த எண்ணைத் தேடி விரலை ஓட்டுவார், கிடைக்காது, அங்கேயே நிற்பார். அச்சடித்த ஓரமே காவல்காரன். சூத்திரத்தை எக்செல்லுக்குக் கொண்டுவந்தபோது அந்த ஓரத்தைத்தான் நான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது ஷீட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 50-க்குக் கீழே போட்டால் செல் சிவப்பாகி விடை வராது. அலகு கேட்கும் ஒரு செல் சேர்த்திருக்கிறேன். விடைக்குப் பக்கத்தில், 'இது ஃபிரேமிங்ஹாம் ஆணின் கணக்கு, நம்முடையது இல்லை' என்று ஒரு வரி. மாப்பிள்ளைக்கும் புது ஷீட்டை அனுப்பினேன். என் 14.0-ஐ வைத்து எதுவும் முடிவு பண்ண வேண்டாம், உங்க டாக்டர் கியூரிஸ்க் போடுவார், அதைக் கேளுங்க என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சிகரெட்டைப் பற்றி நானும் பேசவில்லை, தங்கச்சி பேசியிருப்பாள்.

ரெண்டு நாள் கழித்து அவரிடமிருந்து இன்னொரு செய்தி. பக்கத்து வீட்டு நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர், அவரும் கியூரிஸ்க் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். "மச்சான், இனம்னு கேக்குது. இந்தியர் இருக்கு, பாகிஸ்தானியர் இருக்கு, வங்கதேசத்தவர் இருக்கு. இவர் எதைப் போடணும்?"

அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இலங்கைக்குத் தனிப் பெட்டி இல்லை. 'பிற ஆசியர்' போடச் சொன்னேன்.